தண்ணீருக்கு விட்ட மைதானம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் ஒரு வருஷத்துக்கும் மேலாக ஆறு ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில்தான். இந்த முனையில் பாலம், அந்த முனையில் ஆறு வளைந்து திரும்பும் இடம், நடுவில் கடைத்தெரு. தட்டு வைக்க இடம் வேண்டுமென்றால் கடைத்தெருவைச் சுருட்டித் தள்ள வேண்டும். அந்தத் தெருவில்தான் என் கடை. ஆக, ஒவ்வொரு வேளையும் என் பிழைப்பை நானே சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.

என் மனைவி நகராட்சியில் வடிகால் பொறியாளர். நான் மூக்குக்கண்ணாடி விற்கிறவன். முந்தைய மழைக்காலத்தில் வந்த வெள்ளம் கடைக்குள் நெஞ்சளவு ஏறி இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்கினால், சேற்றுக்குள்ளிருந்து கண்ணாடிகள் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. தெரு முழுக்க அதே கதைதான். பக்கத்து பேக்கரிக்காரர் ஊறிப்போன மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அதன்பிறகுதான் நகராட்சி விழித்துக்கொண்டது. வெள்ளத்தைக் குறைக்க என்னென்ன வழி இருக்கிறது, எது எவ்வளவு தாங்கும், எதனால் யாருக்கு என்ன பாதிப்பு என்று அலசிச் சொல்லும் வேலை என் மனைவியிடம் வந்தது. பகலில், தரை எவ்வளவு உயரம் என்று அளக்கும் மட்டக்கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். சாயங்காலம் அவள் மேசையில் உட்கார்ந்தால், நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவேன்.

எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னாள்.

"நாலு வழி இருக்குங்க. நம்ம பக்கம் கரையில உயரமா சுவர் எழுப்பலாம். பெரிய பெரிய பம்பு வெச்சு தெருத் தண்ணிய ஆத்துக்குள்ள தள்ளலாம். சாக்கடையெல்லாம் தூர் வாரி அகலப்படுத்தலாம். இல்லேன்னா, தண்ணி வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போக எங்கயாவது ஒரு இடம் கொடுக்கலாம்."

"சுவர்தான்," என்றேன் யோசிக்காமலே. "நல்லா உயரமா கட்டிடு. இதுக்கு எதுக்கு ஒரு வருஷம் படிக்கணும்?"

"நானும் மொதல்ல சுவர்னுதான் நெனச்சேன்," என்றாள். பென்சிலால் ஆற்றின் வளைவைச் சுற்றிச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வட்டத்துக்குள் என்ன இருந்தது என்று குனிந்து பார்த்தேன்.

என் அண்ணனின் மைதானம்.

சொத்து என்ற கணக்கில் அது அவருடையதல்ல, கால்பந்து கிளப்புக்குச் சொந்தம். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் அது கோச் மைதானம்தான். அண்ணனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணிகூட, கோபம் வந்தால் மட்டும், "கோச் சார், சாப்பிட வர்றீங்களா, இல்ல விசில் ஊதட்டுமா?" என்பார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதர் மண்டிக் கிடந்த அந்த இடத்தை இளவட்டமாக இருந்தபோது கல் பொறுக்கித் திருத்தி, புல் நட்டு, தண்ணீர் விட்டு வளர்த்தவர். தன் இரண்டு மகள்களைக் கண்டிப்பதைவிட அந்தப் புல்லில் செருப்போடு நடப்பவர்களைத்தான் அதிகம் கண்டித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார்கள். ஊர்க்கூட்டத்தில் திடீரென்று போட்டு உடைப்பதற்குப் பதிலாக வீட்டிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று என் மனைவி நினைத்தாள். சாப்பாடு முடியும் வரை பொறுத்திருந்தாள்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். இன்னும் எதுவும் முடிவாகல. ஆனா பார்த்துக்கிட்டிருக்கிற வழிகள்ல உங்க கிரவுண்டும் ஒண்ணு."

"என் கிரவுண்டா? அது எப்படி வழி ஆகும்?"

"ரெண்டு ஆள் உயரத்துக்குத் தோண்டித் தாழ்வாக்கணும். மத்த நாள்ல விளையாடலாம். ஆறு ரொம்ப ஏறுறப்ப மட்டும் மதகைத் திறந்து மிச்சத் தண்ணிய அதுக்குள்ள விடணும். ஆறு இறங்கினதும் அதுவும் வடிஞ்சிரும்."

அண்ணன் கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"புல்லு?"

"அதை மறுபடியும் வளர்க்கணும் அத்தான்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "போலாமா?" என்று அண்ணியைப் பார்த்துக் கேட்டார். வாசலில் நின்று என்னிடம் மட்டும், "வீட்டுக்குள்ளயே கோல் வாங்கிட்டேன்டா," என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

என் மனைவியை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததில் பெருந்தன்மை எதுவும் இல்லை. சுவரே கட்டிவிட்டால் கடையும் தப்பும், அண்ணனும் திரும்பி வருவார் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஊர்க்கூட்டத்தைப் பள்ளிக்கூட ஹாலில் கூட்டினார்கள். கடைக்காரர்கள் எல்லோரும் முன்வரிசை. கிளப் ஆட்கள் சட்டையெல்லாம் ஒரே நிறத்தில் போட்டுக்கொண்டு பின்னால் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அண்ணன். என் மனைவி மேடையில் திரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஒவ்வொரு வழியையும் அவள் மறைக்காமல் சொன்னாள். சாக்கடையைத் தூர் வாரினால் சாதாரண மழைக்குத் தெருவில் தண்ணீர் தேங்காது, அதைக் கட்டாயம் செய்யவேண்டும், ஆனால் ஆறே பொங்கும்போது அது போதாது. பம்பு தெருத் தண்ணீரை ஆற்றுக்குள் தள்ளும், ஆறு நிரம்பி நிற்கும்போது எங்கே தள்ளுவது? பெருமழையில் முதலில் போவது மின்சாரம்தான், அதையும் நினைக்க வேண்டும். எந்த ஒரு வழியும் தனியாக ஊரைக் காப்பாற்றாது என்றாள். கடைக்காரர்கள் நெளிந்தார்கள். பணத்தைக் கொட்டி ஒரே வேலையில் முடித்துவிடலாம் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள்.

அண்ணன் எழுந்து நின்றார்.

"சுவரைப் பத்தி இன்னும் சொல்லலையேம்மா."

"சொல்றேன். சுவர் நம்ம கரையை நல்லாக் காப்பாத்தும். கடைத்தெருவுக்குள்ள தண்ணி வராது."

முன்வரிசையில் கைதட்டல். நானும் தட்டினேன்.

"அப்புறம் என்ன?" என்றார் அண்ணன். "சுவர் கட்டுங்க. எதுக்கு மைதானத்தைத் தோண்டுறீங்க?"

என் மனைவி அடுத்த படத்தைத் திரையில் போட்டாள். அக்கரை.

அக்கரை வேறு நகராட்சி. அவளுக்குக் கொடுத்த வேலையின் எல்லை நடு ஆற்றோடு முடிந்திருந்தது. அவளுடைய தலைமைப் பொறியாளரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தாராம். "தண்ணி நடு ஆத்துல நின்னு, எல்லை முடிஞ்சிருச்சுன்னு திரும்பிப் போகப் போகுதா? அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பாரும்மா. மேல கேட்டா நான் பேசிக்கிறேன்." அந்த மனுஷனுக்கு நாங்கள் பட்ட கடன் கொஞ்சநஞ்சமல்ல. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

"நம்ம பக்கம் சுவர் எழுப்பினா ஆறு அகலத்துல குறையும்," என்றாள். "போக இடமில்லாம அந்தப் பக்கம் ஏறும். நீல நிறம் போன வெள்ளத்துல அங்க வந்த தண்ணி. சிவப்பு, நாம சுவர் கட்டினா வரப்போறது."

சிவப்பு நீலத்தை மூடிக்கொண்டு தெருக்களுக்குள் வெகுதூரம் போயிருந்தது.

அக்கரைக்கும் ஒரு கால்பந்து கிளப் உண்டு. எங்கள் கிளப்புக்கும் அவர்களுக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு பெனால்டியை வைத்துக்கொண்டு இரண்டு தலைமுறை சண்டை போட்டிருக்கிறார்கள். திரையில் அந்த கிளப்பின் கட்டடமும் தெரிந்தது.

"அவங்க கிளப் ரூம்ல எவ்வளவு வரும்?" என்று கேட்டார் அண்ணன்.

"கதவு நிலை வரைக்கும்."

"வரட்டும், வரட்டும்," என்றான் பின்னாலிருந்து ஒருவன். "போன மேட்ச்ல மூணு கோல் போட்டாங்கல்ல." ஹாலே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவர், கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தினார்.

"அந்த முதல் தெரு வீடுங்க?"

"ஆள் உயரம் வரும் அத்தான்," என்றாள். மேடையில் நிற்பதை மறந்து 'அத்தான்' என்று வாய் தவறி வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் எந்த முடிவும் இல்லாமல் கலைந்தது.

மறுநாள் காலை நான் கடையில் ஒரு பாட்டியம்மாவுக்குக் கண்ணாடிக் காலை முறுக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வாசலில் வந்து நின்றார். "கடையை யார்கிட்டயாவது பார்த்துக்கச் சொல்லு. அக்கரைக்குப் போய்ட்டு வரணும்."

"எதுக்குண்ணா?"

"தனியாப் போனா சண்டை போட வந்தேன்னு நெனப்பாங்க."

பாலத்தைத் தாண்டி நடந்தோம். அக்கரை கிளப்பின் பயிற்சியாளரை எல்லோரும் விசில்காரர் என்பார்கள். ஆட்டம் இல்லாத நாளிலும் கழுத்தில் விசில் தொங்கும். அவர் வீடு அந்த முதல் தெருவில்தான். இரண்டு அறை, தரைத்தளம், ஜன்னலைத் திறந்தால் ஆறு. எங்களைப் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. எதிரணி வீட்டுக்கே வந்தால் யாருக்குத்தான் ஓடும்? இருந்தாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். பேச்சு மெதுவாக வந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. "எங்க வீட்டுக்காரர் கனவுல கூட உங்களைத்தான் திட்டுவார்," என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

போன வெள்ளத்தைப் பற்றி அண்ணன் கேட்டார். விசில்காரர் சாதாரணமாகத்தான் சொன்னார். தண்ணீர் கட்டில் வரை வந்துவிட்டது. மனைவியைத் தனியாகத் தூக்க முடியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் கிளப்புக்குப் போய் கோல் வலையை அவிழ்த்துக் கொண்டுவந்திருக்கிறார். கிளப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து அந்த வலையை மைதானத்துக் கொடிக்கம்புகளில் கட்டி, அதில் அந்த அம்மாவைப் படுக்கவைத்து மாடிவீட்டுக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள்.

"வலையில மாட்டின மீன் மாதிரி போனேன்," என்றார் அந்த அம்மா. "இவர் ஆட்டத்துல வலைக்குள்ள போன ஒரே நல்ல விஷயம் நான்தான்."

அண்ணனால் சிரிக்க முடியவில்லை. "எங்க பக்கம் சுவர் கட்டலாம்னு ஒரு பேச்சு இருக்கு. கட்டினா இங்க இன்னும் ஏறுமாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

விசில்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உங்க ஊரு. உங்க சுவரு. நான் என்ன சொல்றது? டீ சாப்பிடுறீங்களா?"

டீ குடித்தோம். திரும்பும்போது அண்ணன் பாலத்தின் நடுவில் நின்றார். அங்கிருந்து பார்த்தால் வளைவில் மைதானம் முழுசாகத் தெரியும். பச்சையாக, சீராக, கோடு போட்டு வைத்திருந்தது. வெகுநேரம் பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"அந்தாளு ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தா நான் மறுத்திருப்பேன்டா," என்றார் கடைசியில். "டீயைக் குடுத்து அனுப்பிட்டான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்து, கடைத்தெருவைச் சுருட்டாமல் அப்படியே விரித்து வைக்கச் சொன்னார். என் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, எதிரணியை அலசுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும்? எப்படிப்பட்ட புல் அதைத் தாங்கும்? வடிந்த பிறகு சேற்றை யார் அள்ளுவது? தோண்டுகிற காலத்தில் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள்? அவள் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் என்பதற்கு அவளிடம் பதில் இல்லை.

"சுத்தி வர்ற சரிவு சும்மாதானே கிடக்கும்? அதுல படி வெட்டிக் குடுப்பியா? ஜனங்க உட்கார்ந்து ஆட்டம் பார்க்கட்டும். இத்தனை வருஷமா நின்னுக்கிட்டேதான் பார்க்கிறாங்க."

அவள் பென்சிலை எடுத்து அங்கேயே வரைந்து காட்டினாள். அண்ணன் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். "இன்னும் ஒரு வரிசை போடு," என்றார். அண்ணி சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் எதுவும் அங்கே நறுக்கவில்லை.

கிளப்பில் அவருக்குக் கிடைத்த மரியாதையை எழுத முடியாது. தம்பி பெண்டாட்டி பேச்சுக்கு மைதானத்தை விற்றுவிட்டார் என்றார்கள். அவர் வளர்த்த பிள்ளைகளே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவர் யாரையும் திட்டவில்லை. சண்டை போட வந்தவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய், விசில்காரர் வீட்டில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திரும்பக் கூட்டிவந்தார். போகப்போக விசில்காரர் வீட்டில் டீத்தூள் தீர்ந்துபோய், அண்ணனே ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். மைதானத்தைக் கொடுப்பதா என்று கிளப்பில் நடந்த வாக்கெடுப்பில் மயிரிழையில் தப்பித்தோம்.

தோண்டும் வேலை தொடங்கும் முன்பு விசில்காரர் எங்கள் பக்கம் வந்தார். பாலத்தின் இந்த முனையிலேயே நின்று, அண்ணனை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்க கிரவுண்டு உங்க பிள்ளைங்களுக்கு," என்றார். "கோடெல்லாம் நாங்க போட்டு வெச்சிருப்போம். உங்களுக்குக் கோணலாத்தான் போட வரும்." அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மைதானத்தோடு மற்ற வேலைகளும் நடந்தன. சாக்கடைகளைத் தூர் வாரினார்கள். அக்கரை நகராட்சியோடு பேசி இரண்டு கரையிலும் ஒரே மட்டத்தில் தாழ்வான சுவர் எழுப்பினார்கள், யார் பக்கமும் யாரைவிடவும் உயரமில்லாமல். கடைகளில் மின்சார ஸ்விட்சுகளைத் தலைக்கு மேலே ஏற்றச் சொன்னார்கள். நான் என் கண்ணாடி அலமாரிகளைத் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் அடித்தேன்.

பெரிய மழை அடுத்த வருஷமே வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, நாலாம் நாள் மதியம் ஆறு தாழ்சுவரைத் தொட்டது. கடைத்தெருவில் எல்லோரும் வாசலில் நின்றோம். சுவரின் மேல் விளிம்பில் தண்ணீர் ததும்பி, அங்கங்கே தெருவுக்குள் வழிய ஆரம்பித்தது.

"இன்னும் ஏன் மதகைத் திறக்கல?" என்றார் பேக்கரிக்காரர். "உங்க வீட்டம்மாதானே அங்க நிக்கிறாங்க. போய்ச் சொல்லுங்க."

எல்லோரும் என்னைத் தள்ளாத குறைதான். நான் போனேன். மைதானத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள கரையில் மதகு இருந்தது. சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி அண்ணன் நின்றார். சுற்றிலும் கூட்டம், கூச்சல். என் மனைவி மழைக்கோட்டின் தலைப்பகுதி பின்னால் சரிந்தது தெரியாமல், திறக்க வேண்டிய மட்டத்துக்கு மதகுத்தூணில் பூசியிருந்த சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு அதற்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

அவள் வீட்டில் எத்தனையோ முறை சொன்னதுதான். சீக்கிரம் திறந்தால், தானாகவே ஓடிப்போயிருக்க வேண்டிய தண்ணீர் உள்ளே வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். உச்சம் வரும்போது வைக்க இடம் இருக்காது. சொன்னபோது புரிந்தது. தண்ணீர் கடைவாசலுக்கு வந்தபிறகு அந்தப் புத்தி எங்கேயோ போய்விட்டது.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்களும் திறக்கச் சொல்லத்தான் வந்தீங்களா?"

அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. "இல்ல. குடை கொண்டாந்தேன்," என்றேன். கையில் குடை இருந்தது நல்லதாகப் போயிற்று. அவள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தேன்.

ஒரு கடைக்காரர் அண்ணனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "சுத்துங்க கோச். எங்க கடையெல்லாம் போகுது."

"அவ கை காட்டுறப்பதான் சக்கரம் சுத்தும்," என்றார் அண்ணன். "ஆட்டத்துக்கு நடுவுல வெளிய நின்னு கத்துறவங்க பேச்சை நான் என்னைக்குமே கேட்டதில்லை."

நாங்கள் நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குடையைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தேன். கடைசியில் சிவப்புக் கோடு தண்ணீருக்குள் மறைந்தது. இன்னும் ஒருமுறை கண்ணைத் துடைத்துப் பார்த்துவிட்டு அவள் கையை உயர்த்தினாள்.

அண்ணன் சக்கரத்தைச் சுற்றினார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மதகுக்கடியில் பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு நீண்டது. அது அகலமாகி, இரைச்சலோடு மைதானத்துக்குள் பாய்ந்தது. புதிதாக வளர்த்த புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறைந்தது. கோல் கம்பங்கள் அடியிலிருந்து குட்டையாகிக்கொண்டே வந்தன. கத்திக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிட்டது. அண்ணன் பார்வையை அகற்றவே இல்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது. புல்லிடம் என்ன சொன்னாரோ.

ஆறு அதற்குமேல் ஏறவில்லை. அப்படியே நின்றது. பொழுது சாயும்போது சிவப்புக் கோடு ஈரமாக வெளியே தெரிந்தது. என் மனைவி கரையிலேயே சேற்றில் உட்கார்ந்து விம்ம ஆரம்பித்தாள். அண்ணன் குனிந்து அவள் தலையில் கைவைத்தார். "சரியான நேரத்துல நீ பாஸ் குடுத்தேம்மா," என்றார்.

கடைக்குத் திரும்பிப் போனபோது வாசல்படி நனைந்திருந்தது. உள்ளே நடுத்தரை வரை ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். துணியைப் பிழிந்து துடைத்துவிடுகிற தண்ணீர். நான் அலமாரியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. பேக்கரிக்காரர் வாசலில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்க வந்தவர் கேட்கத் தெரியாமல், மதியம் சுட்ட ரொட்டி ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

மைதானம் வடிய மூன்று நாள் ஆயிற்று. வடிந்ததும் பார்க்கச் சகிக்கவில்லை. கணுக்கால் புதையும் வண்டல், மரக்கிளைகள், பிளாஸ்டிக் பாட்டில்கள், எங்கிருந்தோ வந்த ஒரு ஒற்றைக் கதவு. நகராட்சி வண்டி மறுநாள்தான் வரும் என்றார்கள். அண்ணன் காத்திருக்கிற ஆளா? அவரும் நானும் கிளப் பிள்ளைகள் சிலரும் மண்வெட்டியோடு இறங்கினோம். மேல்படியில் நின்று என் மனைவி வண்டலின் ஆழத்தை அளந்துகொண்டிருந்தாள்.

பாலத்தின் மேல் ஒரு கும்பல் வருவதை முதலில் பார்த்தவள் அவள்தான். அக்கரை கிளப் முழுவதும் வந்துகொண்டிருந்தது. தோளில் மண்வெட்டி, கையில் வாளி. முன்னால் விசில்காரர் தன் மனைவியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் படியிறங்கிச் சேற்றுக்குள் போனார்கள். எங்கள் பையன்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

விசில்காரர் நாற்காலியை என் மனைவிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அந்த அம்மா நல்ல கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சொற்கள் சேர்ந்து வர நேரம் ஆகும். என் மனைவி குனிந்து காத்திருந்தாள்.

"தண்ணி எங்க தெருவுக்கு வந்துச்சும்மா. வாசலுக்கு வந்துச்சு. உள்ள வரல," என்றார். "அன்னைக்கு பூரா நான் என் கட்டில்ல, என் வீட்ல படுத்திருந்தேன். யாரும் என்னைத் தூக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

என் மனைவி அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்புறம், பொய் சொல்லத் தெரியாதவள் ஆயிற்றே, "இதைவிடப் பெருசா மழை வந்தா இது போதாதுங்க," என்றாள். "அதுக்கு இன்னும் மேலே, ஆத்தோட மேல்பக்கத்துல, ரெண்டு மூணு இடம் பார்க்கணும். அந்த ஊருக்காரங்ககிட்ட இனிமேதான் பேசணும்."

"பேசுவோம்," என்றார் விசில்காரர். "கோச்சைக் கூட்டிக்கிட்டுப் போவோம். நல்லா டீ குடிப்பாரு."

கீழே அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். மைதானம் முழுக்க இரண்டு நிறச் சட்டைகளும் கலந்து, சேறு படிந்து, ஒரே நிறமாகிக்கொண்டிருந்தன. அவர் என்னைப் பார்த்தார். நெஞ்சில் ஒருமுறை தட்டிக்கொண்டார். எனக்குப் புரிந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த ஒரு காலையில் எத்தனை பேருக்கு நன்றி சொல்வது, யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விசில்காரர் படியிறங்கி என் பக்கத்தில் வந்தார். கழுத்து விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, சேற்றில் ஒரு வெட்டு வெட்டி அள்ளிப் போட்டார். பிறகு நான் அள்ளுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணாடிக்காரரே," என்றார். "மண்ணை அள்ளணும். துடைக்கக் கூடாது."